சீனக் கல்லறைப் பாவைகள்: மனிதருக்கு ஈடாக வந்த மண்

இறந்தவனோடு உடன் செல்வது யாது என்னும் வினா மனித குலத்திற்கு மிகப் பழையது. பொன்னும் மணியும் உடன் செல்லும் என்று சிலர் எண்ணினர். உணவும் உடையும் செல்லும் என்று வேறு சிலர் எண்ணினர். அரசராயும் பிரபுக்களாயும் வாழ்ந்தோரோ, தமக்கு ஊழியம் புரிந்த மனிதரும் உடன் வரல் வேண்டும் என்று விரும்பினர். அவ்விருப்பம் எத்தனை உயிர்களைக் கொள்ளை கொண்டது என்பதையும், அவ்வுயிர்களுக்கு ஈடாகக் களிமண் பாவை எவ்வாறு வந்து நின்றது என்பதையும் சீன நாட்டு நிலம் தன்னுள் மறைத்து வைத்திருந்தது. கடந்த நூறு ஆண்டுகளில் அகழ்வாராய்ச்சியாளர் அவற்றை வெளிக்கொணர்ந்துள்ளனர். அப்பாவைகளின் பொருளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இப்பாவைகள் இன்று உலகத்தின் பெரிய பொருட்காட்சிச் சாலைகளில் எல்லாம் இடம் பெற்றுள்ளன. அவற்றின் அழகை வியந்து அப்பாற் செல்வோர் பலர். அழகு மெய்யானதே. எனினும், ஒவ்வொரு பாவையின் முன்னும் நின்று, "இஃது எவருடைய இடத்தில் நிற்கிறது?" என்று ஒருமுறை கேட்டல் வேண்டும். அவ்வினாவே அவற்றின் பொருளை நமக்குத் திறக்கும் திறவுகோல்.

உடன் புதைக்கப்பட்டோர்

சீன நாட்டின் வட பகுதியில் ஆன்யாங் என்னும் ஊருக்கு அருகே, ஷாங் வமிசத்து அரசர்களின் பிற்காலத் தலைநகரம் இருந்தது. அங்கே 1928ஆம் ஆண்டில் அகழ்வாராய்ச்சி தொடங்கிற்று. அரசர்களின் பெருங்குழிகளிலும் அவற்றைச் சூழ்ந்த சிறு குழிகளிலும் மனித எலும்புகள் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தன. தலை வேறு, உடல் வேறாகப் புதைக்கப்பட்டோர் பலர். 1976ஆம் ஆண்டில் ஃபூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறை, கொள்ளையர் கை படாத நிலையில் திறக்கப்பட்டது. இவ்வரசி ஏறத்தாழ கி.மு. 1200இல் வாழ்ந்தவள், ஊ திங் என்னும் மன்னனின் மனைவி. வெண்கலப் பாத்திரங்களும் பச்சை மணிக்கற்களால் ஆகிய பொருள்களும் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றோடு 16 மனிதரின் உடல்களும், 6 நாய்களின் உடல்களும் இருந்தன. அரசியின் பெயர் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பதினாறு பேரின் பெயரை அறிவார் எவரும் இலர்.

ஷாங் ஆட்சி அழிந்த பின்னரும் இவ்வழக்கம் முற்றும் ஒழியவில்லை. மேற்றிசையில் இருந்த சின் நாட்டில் அது நெடுங்காலம் நிலைத்தது. கி.மு. 678இல் ஊ என்னும் கோமகன் இறந்தபோது 66 பேரும், கி.மு. 621இல் மூ என்னும் கோமகன் இறந்தபோது 177 பேரும் உடன் மாண்டனர் என்று சீன வரலாற்று நூல் கூறுகிறது. பின்னவருள் நாட்டு மக்களால் பெரிதும் மதிக்கப்பட்ட சகோதரர் மூவரும் இருந்தனர். அம்மூவருக்காக மக்கள் புலம்பிய பாடல் ஒன்று சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையில் இன்றும் உள்ளது. எனவே, இக்கொடுமையை அக்காலத்தவர் அனைவரும் இயல்பென்று ஏற்றுக்கொண்டனர் என்று நாம் கருதுதல் கூடாது. அழுதவர் இருந்தனர், அவர்கள் அழுகை ஏட்டிலும் ஏறிற்று.

அதே சின் நாட்டில், கி.மு. 537இல் இறந்த சிங் என்னும் கோமகனின் கல்லறையை 1976 முதல் பத்து ஆண்டுகள் அகழ்ந்தனர். அதனுள் 186 மனிதரின் எலும்புகள் காணப்பட்டன. இறுதியில் கி.மு. 384இல் சியன் என்னும் கோமகன் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் விலக்கினான். இந்த ஆண்டினை நம் வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சான்றோர் செய்த ஆராய்ச்சி

மனித உயிருக்கு ஈடாக உருவங்களை வைக்கும் வழக்கம் இதற்கிடையில் பரவிற்று. வைக்கோலால் கட்டிய உருவங்களும், மரத்தாற் செதுக்கிய உருவங்களும், களிமண்ணால் வனைந்த உருவங்களும் கல்லறைகளில் இடம் பெற்றன. தெற்கே சூ நாட்டில் மரப்பாவையே மிகுதி. மனித வடிவில் அமைந்த இவ்வீமப் பாவைக்குச் சீன மொழியில் 'யோங்' என்று பெயர்.

கல்லறைக்கென்றே செய்யப்படும் பொருள்களை அவர்கள் 'மிங்சி' என அழைத்தனர். ஒளி பொருந்திய கலங்கள் என்பது அதன் பொருள். இக்கலங்கள் வேண்டுமென்றே குறையுடையனவாகச் செய்யப்பட்டன. யாழுக்கு நரம்பு இருக்கும்; சுருதி கூட்டப்பட்டிராது. மணி இருக்கும், அதனைத் தொங்கவிடும் சட்டம் இராது. இறந்தோரை முற்றும் இறந்தோராகவே நடத்துதல் அன்பின்மை. முற்றும் உயிரோடிருப்போராக நடத்துதல் அறிவின்மை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியைச் சீனச் சடங்கு நூலார் இவ்வாறு வகுத்தனர்.

ஆயினும் யோங் பற்றிக் கன்பூசியர் கொண்ட கருத்து வேறு. வைக்கோல் உருவத்தை அவர் ஏற்றார்; மனிதனைப் போலவே அமைந்த பாவையை அவர் வெறுத்தார் என அந்நூல்கள் கூறும். காரணம் யாது? உருவம் மனிதனை நெருங்க நெருங்க, மனிதனையே புதைக்கும் எண்ணமும் நெருங்கி வரும் என அவர் அஞ்சினார். அகழ்வாராய்ச்சி காட்டும் வரிசையோ வேறு: மனிதப் பலியே முந்தியது, பாவை பிந்தியது. ஆயினும் அவரது அச்சம் பொருளற்றதன்று. பாவையை வைப்பவன், "எனக்கு ஏவலர் வேண்டும்" என்னும் எண்ணத்தை விட்டவன் அல்லன். அவ்வெண்ணத்திற்கு மண்ணால் ஓர் உருவம் கொடுத்தவனே ஆவான்.

கன்பூசியருக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத் தோன்றிய மென்சியஸ் இக்கருத்தை மேலும் கொண்டு சென்றார். லியாங் நாட்டு மன்னனிடம் அவர் பேசுகையில், மனித உருவிற் பாவை செய்தவனையே கன்பூசியர் இத்துணை கடிந்தாராயின், தன் மடைப்பள்ளியில் கொழுத்த இறைச்சியும் தன் இலாயத்தில் கொழுத்த குதிரையும் இருக்க, குடிகளைப் பசியால் சாகவிடும் மன்னனை என்னென்பது என்னும் கருத்துப்படக் கேட்டார். கல்லறைப் பாவையைப் பற்றிய பேச்சு இங்கே உயிரோடிருக்கும் மக்களைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது.

பேரரசனின் மண் சேனை

மனிதப் பலியை விலக்கிய அதே சின் நாட்டில், பிற்காலத்தே ஒரு மன்னன் தோன்றி, கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொணர்ந்தான். சின் ஷி ஹுவாங் என்னும் அப்பேரரசன் கி.மு. 210இல் இறந்தான். அவன் கல்லறை மேட்டிற்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், 1974ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உழவர் சிலர் கிணறு தோண்டினர். அப்போது சுடுமண்ணால் ஆகிய மனித உருவத் துண்டுகள் வெளிப்பட்டன. தொடர்ந்து மூன்று பெருங்குழிகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் முதற் குழி மட்டும் 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் உடையது. வீரர் உருவங்கள் ஏறத்தாழ 8,000 இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். 1987இல் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இவ்வீரர்கள் மனித உயரம் உடையவர்கள். களிமண் திரிகளை வளையம் வளையமாக அடுக்கி உடலை எழுப்பினர். தலையையும் கைகளையும் தனியே செய்து பொருத்தினர். முகத்தின் மீது மென்மண் பூசிப் புருவத்தையும் மீசையையும் கையாலேயே திருத்தினர். சுட்ட பின்னர் அரக்குப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டினர். மண்ணினின்று வெளிவந்து காற்றுப் பட்டதும் அவ்வரக்கு சில நிமிடங்களுக்குள் சுருண்டு உதிர்ந்துவிடுகிறது. ஆகவே இன்று நாம் காணும் சாம்பல் நிறம் அவர்களுடைய நிறமன்று.

வீரர் மண்ணாயினும், அவர்கள் ஏந்திய படைக்கலங்கள் வெண்கலத்தாலான மெய்யான படைக்கலங்கள். குறையுடைய கலங்களே கல்லறைக்கு உரியவை என்ற பழைய விதி இங்கே கைவிடப்பட்டது. இறந்தும் ஆள்வேன் என்று கருதிய ஒருவனுடைய கல்லறை இது.

இவ்விடத்தில்தான் நம் வினா மிகவும் வேண்டப்படுகிறது. 8,000 வீரரை உயிரோடு புதையாமல் மண்ணால் செய்தனர் என்பது பெரிய மாற்றமே. ஆனால் அக்கல்லறை உயிர்ப்பலி இல்லாத கல்லறையா? வரலாற்றாசிரியர் சிமா சியென் ஒரு நூற்றாண்டு கழித்து எழுதுகையில், மக்கட்பேறு இல்லாத அரண்மனை மகளிர் பேரரசனோடு சாகும்படி ஆணையிடப்பட்டனர் என்றும், உள்ளே பொறிகளை அமைத்த கைவினைஞர் வெளிவராதபடி கதவு அடைக்கப்பட்டது என்றும் கூறுகிறார். அவ்வேலையில் ஏழு இலட்சம் பேர் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதும் அவர் தரும் கணக்கு. மண் சேனையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் கூறியது உயிருள்ளோரைப் பற்றியே.

கல்லறைக்கு அருகே, வேலையில் மாண்ட தொழிலாளரின் இடுகாடு 1979ஆம் ஆண்டின் இறுதியில் அகழப்பட்டது. உடைந்த கூரை ஓடுகளில் அவர்களுட் சிலருடைய ஊரும் பெயரும் கீறப்பட்டிருந்தன. அபராதத்தைச் செலுத்த இயலாமல் அதற்கு ஈடாக உழைக்க வந்தோர் என்ற குறிப்பும் சிலவற்றில் உள்ளது. வீரர் பாவைகளிலும் அவற்றைச் செய்த கைவினைஞர் பெயர்கள் 80க்கும் மேற்பட்டவை காணப்படுகின்றன. அவை புகழுக்காகப் பொறித்தவை அல்ல; வேலையிற் குறை நேர்ந்தால் பொறுப்பாளியைக் கண்டறிவதற்காகப் பொறித்தவை. ஆயினும் காலம் செய்த மாற்றத்தைக் காண்மின்! ஷாங் கல்லறையில் பெயரில்லாதிருந்த எளியோர்க்கு, ஒரு ஓட்டுத் துண்டிலேனும் இங்கே பெயர் கிடைத்துவிட்டது.

அடுப்பும் கிணறும் பன்றிக் கொட்டிலும்

சின் வமிசம் விரைவில் அழிந்தது. அடுத்து வந்த ஹான் வமிசத்துச் சிங் பேரரசன் கி.மு. 141இல் இறந்தான். சியான் நகருக்கு அருகே விமான நிலையத்திற்குச் சாலை அமைத்தபோது, 1990இல் அவன் கல்லறையைச் சார்ந்த குழிகள் வெளிப்பட்டன. அங்குள்ள பாவைகள் மனித உயரத்தில் மூன்றிலொரு பங்கே உடையன. அவை இன்று ஆடையின்றியும் கையின்றியும் நிற்கின்றன. முதலில் அவற்றிற்கு மரத்தாலாகிய கைகளும் துணியாலாகிய ஆடைகளும் இருந்தன. மரமும் துணியும் மக்கிப் போக, மண் உடல் மட்டும் எஞ்சிற்று. அவற்றோடு பன்றி, நாய், ஆடு, மாடு முதலியவற்றின் மண் உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. படையெடுப்பின் வேகம் தணிந்து, வீட்டு வாழ்வின் அமைதி இங்கே தோன்றுகிறது. ஆனால் இப்பேரரசனின் கல்லறைக்கு அருகிலும், இரும்புத் தளை பூண்டபடியே புதைக்கப்பட்ட கைதிகளின் இடுகாடு கண்டறியப்பட்டுள்ளது.

பிற்கால ஹான் ஆட்சியில் பாவை அரசர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வசதி படைத்த குடும்பத்தார் தம் கல்லறையில் மண் வீடு, நெற்களஞ்சியம், அடுப்பு, கிணறு, பன்றிக் கொட்டில், மீன் குளம் ஆகியவற்றை வைத்தனர். சமையற்காரரும், நடனமாடுவோரும், இசைவாணரும் மண்ணில் உருப்பெற்றனர். 1957இல் செங்தூ நகருக்கு அருகே கிடைத்த ஒரு பாவை மிகவும் புகழ் பெற்றது. கக்கத்தில் ஒரு சிறு பறையை இடுக்கி, ஒரு காலைத் தூக்கி, வாய்விட்டுச் சிரித்த வண்ணம் கதை சொல்லும் கலைஞன் அவன். எந்தப் பிரபுவின் பொருட்டு அவன் செய்யப்பட்டான் என்பதை நாம் எண்ணுவதில்லை; அவனையே எண்ணுகிறோம்.

புத்தர் உருவம் கல்லறையுட் புகுந்தமை

பௌத்தம் கி.பி. முதல் நூற்றாண்டில் சீனம் சேர்ந்தது. சூ நாட்டு இளவரசன் யிங் புத்தரை வழிபட்டான் என்ற குறிப்பு கி.பி. 65ஆம் ஆண்டிற்குரியது. அதற்கடுத்த நூற்றாண்டிலேயே புத்தர் உருவம் கல்லறைகளில் தோன்றிவிட்டது. லேஷான் நகரில் மாஹாவ் என்னுமிடத்தில் உள்ள பாறைக் கல்லறையின் கதவு நிலைமீது அமர்ந்த புத்தர் செதுக்கப்பட்டுள்ளார். பெங்ஷானில் கிடைத்த சுடுமண் பீடம் ஒன்றில், இருபுறமும் ஏவலர் நிற்க, நடுவே புத்தர் வீற்றிருக்கிறார். காசுகளைக் கனியாகத் தொங்கவிட்ட வெண்கலச் செல்வ மரத்தைத் தாங்கும் பீடம் அது! பின்னர் மூன்றாம் நூற்றாண்டில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் செய்யப்பட்ட ஈமச் சாடிகளில், பறவைகளுக்கும் மாடங்களுக்கும் இடையே சிறு சிறு புத்தர் உருவங்கள் ஒட்டப்பட்டன.

இதன் பொருளை நாம் நடுநிலையோடு காணல் வேண்டும். அக்காலச் சீனர் புத்தரை நீண்ட ஆயுளும் செல்வமும் தரும் மற்றொரு தேவராகவே கருதினர். உருவம் வந்து சேர்ந்தது. போதனை இன்னும் வந்து சேரவில்லை. ஆசை துயருக்குக் காரணம் என்று போதித்தவரைச் செல்வ மரத்தின் அடியிலே அமர்த்தினர். உருவத்தைக் கொண்டதனாலேயே கொள்கையைக் கொண்டவர் ஆகிவிட்டோம் என்று எண்ணுவோர்க்கு இப்பீடம் ஒரு நல்ல பாடம்.

தாங் காலத்துக் காவலரும் ஒட்டகங்களும்

கி.பி. 618இல் தொடங்கிய தாங் வமிசக் காலத்தில் பாவைக் கலை உச்சம் அடைந்தது. ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சினைப் பச்சை, பழுப்பு மஞ்சள், பால்வெண்மை ஆகிய நிறங்களில் பூசிச் சுட்டனர். சூளையிலே அந்நிறங்கள் உருகி ஒன்றோடொன்று கலந்து வழிந்தன. மூவண்ணம் எனப் பொருள்படும் 'சன்சாய்' என்னும் பெயர் இதற்கு வழங்குகிறது. கல்லறைக் காவலர்களாக நின்ற போர்வீரர் உருவங்கள், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பௌத்த உலகபாலர் வடிவம் கொண்டன. திருதராட்டிரன், விரூடகன், விரூபாட்சன், வைசிரவணன் என நான்கு திசைகளையும் காக்கும் மகாராஜாக்களைப் பற்றி நாம் அறிவோம். தம்மத்தைக் காக்க நியமிக்கப்பட்ட அவர்களுள் இருவர் போன்ற உருவங்கள், கவசம் பூண்டு, எருதையோ பூதத்தையோ காலின்கீழ் மிதித்து, ஒரு சீன அதிகாரியின் சவப்பெட்டிக்குக் காவலாக நிற்கின்றன.

பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் 13 பாவைகள் கொண்ட ஒரு தொகுதி உள்ளது. கி.பி. 728இல் இறந்த லியூ திங்சுன் என்னும் படைத்தலைவரின் கல்லறைக்கு உரியதாக அது கூறப்படுகிறது. விலங்கு வடிவக் காவல் பூதங்கள் இரண்டு, உலகபாலர் இருவர், அதிகாரிகள் இருவர், குதிரைகள், ஒட்டகங்கள், அவற்றை நடத்தும் ஏவலர் ஆகியோர் அதில் உள்ளனர். மேற்கிலிருந்து பாலைவனம் கடந்து வந்த வணிகக் கூட்டத்தின் நினைவே அவ்வொட்டகம். அதே வழிகளில் பௌத்தத் துறவிகளும் நடந்தனர். யுவான் சுவாங் இந்தியாவிற்கு வந்து, காஞ்சிபுரத்தையும் கண்டு, கி.பி. 645இல் தலைநகருக்குத் திரும்பியதும் இந்த நூற்றாண்டுகளில்தான்.

ஆயினும் இங்கும் பிறப்பும் பதவியும் விடவில்லை. மூன்றாம் தரத்திற்கு மேற்பட்ட அதிகாரிக்கு 90 பொருள்கள், ஐந்தாம் தரத்திற்கு மேற்பட்டவர்க்கு 60, ஒன்பதாம் தரத்திற்கு மேற்பட்டவர்க்கு 40 எனத் தாங் அரசு விதி வகுத்தது. சாவிலும் ஏற்றத்தாழ்வு எண்ணிக் கொடுக்கப்பட்டது.

மண்ணுக்குப் பின்

சுங் வமிசக் காலந்தொட்டு மண் பாவை மெல்ல மெல்லக் குறைந்தது. காகிதத்தால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் பெருகிற்று. ஆனால் கொடுமை மீண்டும் தலைகாட்டிற்று. கி.பி. 1398இல் மிங் வமிசத்தின் முதற் பேரரசன் இறந்தபோது, அவன் காமக்கிழத்தியர் பலர் உடன் சாக நேர்ந்தது. அவன் வழிவந்தோர் சிலரும் அவ்வாறே செய்தனர். 1464இல் யிங்சோங் பேரரசன் தன் மரணத் தறுவாயில் இதனை விலக்கி ஆணையிட்டான். கி.மு. 384இல் விலக்கப்பட்டது 1,700 ஆண்டுகளுக்குப் பின்னும் மீண்டு வந்தது என்றால், மண் பாவை மட்டும் மனத்தை மாற்றிவிடாது என்பது தெளிவு. பிறர் உயிர் எனக்கு உடைமை என்னும் எண்ணம் இருக்கும்வரை, பாவை எந்நாளிலும் மீண்டும் மனிதனாக மாறக் கூடும்.

சீன பௌத்தர் இவ்விடத்தில் ஒரு புதிய வழியைத் திறந்தனர். ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாளில், இறந்த பெற்றோர் பொருட்டுச் சங்கத்தினர்க்கு உணவளித்து, அப்புண்ணியத்தை அவர்களுக்கு உரியதாக்கும் உல்லம்பன விழா அது. இறந்தோர்க்கென ஒதுக்கிய பொருள் குழிக்குள் செல்லாமல், உயிரோடிருப்போர் வயிற்றுக்குச் சென்றது. எவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டுவதில்லை. எவருடைய உருவத்தையும் செய்ய வேண்டுவதில்லை. ஒருவனோடு தொடர்ந்து செல்வது அவன் செய்த வினை ஒன்றே என்னும் பகவானின் போதனை, மண்ணையும் மனிதரையும் ஒருங்கே விடுவிக்கிறது.

ஆகவே, ஒரு பொருட்காட்சிச் சாலையில் சீனப் பாவை ஒன்றினை நாம் காண நேர்ந்தால், அதன் கைத்திறனைப் போற்றுவோம். அஃது ஓர் உயிர் பிழைத்ததன் அடையாளம் என்பதையும் எண்ணுவோம். குதிரையைப் பிடித்து நிற்கும் அவ்வேவலனின் இடத்தில், ஒரு காலத்தில் ஒரு மெய்யான மனிதன் கிடத்தப்பட்டிருந்தான். அவனுக்கும் தாய் இருந்தாள், ஊர் இருந்தது, பெயர் இருந்தது. அவன் பெயரை நாம் அறியோம். அவன் இருந்தான் என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.